ஒரு வீட்டுக்கு ஒரு இடம்

அருள்,

கடிதத்தின் தலையில் வழக்கமாக ஒரு சிலுவைக் குறி போடுவேன், உனக்குத் தெரியும். இன்று போடவில்லை. எழுதப்போவது அப்படிப்பட்ட விஷயம். இதை முழுக்கப் படித்துவிட்டு உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ அதைச் செய். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதே. பாதிவரை படித்தால் நான் இருப்பதைவிட நல்லவனாகத் தெரிவேன்.

நீ இருப்பது ஜூஜுவாடியில், நான் இருப்பது மத்திகிரியில். ஒரு டவுன் பஸ் மாறினால் நேரிலேயே வந்து சொல்லிவிடலாம். இரண்டு தடவை உன் டயர் கடை வாசல்வரை வந்தும் இருக்கிறேன். நேரில் சொன்னால் நீ நடுவிலேயே, "பரவால்லப்பா, உடுங்க" என்பாய். அந்த வார்த்தை காதில் விழுந்தால் நான் அத்தோடு நிறுத்திக்கொள்வேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் நடந்ததை நீ மறந்திருப்பாய். ஸ்டெல்லாவின் அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து, "எம் பொண்ணு கணக்கு டீச்சர், மாப்ள. வீட்ல தப்புக் கணக்கு எதுவும் செல்லாது, பாத்துக்கங்க" என்று விளையாட்டாகச் சொன்னார். நீயும் சிரித்துக்கொண்டே, "நமக்கும் கணக்குக்கும் ரொம்ப தூரம் மாமா. பத்தொம்பது வயசுல ஒரு டெஸ்ட் எழுதி, அம்பதுக்குப் பதினெட்டு வாங்குனவன் நானு. அதோட கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டுட்டேன்" என்றாய். பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்தவள் நின்று, "ஒரு டெஸ்ட்ட வச்சு ஒருத்தருக்குக் கணக்கு வராதுன்னு சொல்லிட முடியுமா?" என்றாள். உன்னை அறிந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண் உனக்காகப் பரிந்து பேசினாள். பெற்றவன் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்கள் இருவருக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் படித்தபோது அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். உன் கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் நான் சொல்லக் கடமைப்பட்ட ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். இப்போது சொல்கிறேன். நீ பதினெட்டு வாங்கவில்லை, அருள். நீ வாங்கியது நாற்பத்து நான்கு. பதினெட்டு என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண்.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். அப்போது நான் தொழிற்சாலையில் ஹெல்பராகப் பதினோராவது வருஷத்தில் இருந்தேன். கடைசல் இயந்திரங்களைச் சுற்றி விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவது, கம்பிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து போடுவது, இதுதான் என் வேலை. இயந்திரத்தில் நிற்பவர்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்குக் காக்கி. அவர்களுக்குப் பெயர் உண்டு. எங்களை "ஹெல்பர், இங்க வா" என்பார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவன் ஒருமுறை விரல் சொடுக்கி என்னைக் கூப்பிட்டான். நான் போனேன். அன்றிலிருந்து எனக்கு அந்த நீலச் சட்டைமேல் இருந்தது ஆசை இல்லை, வெறி.

தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்திய பயிற்சி நிலையத்தில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒரு வருஷ மாலை வகுப்பு தொடங்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். படித்து முடித்தால் இயந்திரத்தில் நிற்கலாம். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பள்ளிச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், அடிப்படைத் தேர்வு ஒன்று எழுதி ஐம்பதுக்கு இருபத்தைந்தாவது வாங்க வேண்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கு, கைவேகம் எல்லாம் அதில் வரும். தொழிலாளியும் எழுதலாம், ரேஷன் கார்டில் பெயருள்ள அவர் பிள்ளையும் எழுதலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு இடம்தான். இரண்டு பேரும் தேறினால் அதிக மார்க் வாங்கியவருக்கு. அவர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் மற்றவருக்கு. நான் எனக்கு மட்டும்தான் படிவம் வாங்கிவந்தேன். அம்மாதான், "ஏங்க, நம்ம அருளும் பத்தாவதுல இங்கிலீஷ் பெயிலாகி சும்மாதான இருக்கறான், அவனுக்கும் ஒண்ணு வாங்கியாந்திருக்கலாமில்ல? யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தான" என்றாள். மறுநாள் உனக்கும் ஒரு படிவம் வாங்கிவந்தேன். இரண்டையும் நிரப்பியது நீ. என் பெயரை என்னைவிட அழகாக எழுதினாய். அதைப் பார்த்தபோதே எனக்குள் ஏதோ சுருக்கென்றது. படிப்பில்லாதவனின் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். பின்னக் கணக்கு என்றால் என்னவென்றே தெரியாது. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஷிப்ட் முடிந்து நான் வந்ததும் வாசலில் பாயைப் போட்டு உட்காருவோம். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று கேட்பாய். எட்டு நாலைவிடப் பெரிது, அதனால் எட்டில் ஒன்றுதான் பெரிது என்பேன் நான். நீ சிரிக்கமாட்டாய். பழைய பேப்பரை எடுத்து இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடித்து என் கையில் கொடுத்தாய். "அப்பா, கீழ இருக்கற நம்பர் பெருசாவப் பெருசாவ துண்டு சின்னதாவுது, பாத்தீங்களா?" என்றாய். புரிந்தது. புரிந்த சந்தோஷம் வருவதற்குள், வாசற்படியில் நின்றிருந்த அம்மா உன்னைப் பார்த்த பார்வை என் கண்ணில் பட்டது. அப்படி ஒரு பார்வை எனக்கு என்றைக்குமே கிடைத்ததில்லை. நான் வியர்வை சிந்தி ஒரு கணக்குப் போடுவதற்குள் நீ வானத்தைப் பார்த்துக்கொண்டே விடையைச் சொல்வாய். நான் அடிக்கடி, "அவசரப்படாத, அகராதி புடிச்சவனே" என்று அதட்டினேன். அதை நீ அக்கறை என்று எடுத்துக்கொண்டாய். உன் மனசு அப்படி. அதற்கும்கூட நான் பொறாமைப்பட்டேன்.

தேர்வன்று தகரக் கூரை போட்ட பெரிய கூடத்தில் நீ எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாய். நான் ஏழாவது கேள்வியில் திணறிக்கொண்டிருந்தபோது நீ பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னல் வழியே பெங்களூர் ரோட்டில் போகும் வண்டிகளை வேடிக்கை பார்த்தாய். உன் முதுகை அறையலாம் போல இருந்தது எனக்கு. அப்புறம் கைவேகச் சோதனை வந்தது. கலந்து கொட்டிய திருகாணிகளை அளவு வாரியாக இரண்டு நிமிஷத்துக்குள் பிரிக்க வேண்டும். பதினோரு வருஷம் இரும்பில் புழங்கிய கை, எனக்கு அது சுலபம். உன் முறை வந்தபோது ஒரு திருகாணி உன் விரலிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் என் காதுக்கு இனித்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று எனக்கு இனித்தது என்பதுதான் உண்மை.

முடிவு சொன்ன வாரம் நீயும் அம்மாவும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்குத் துணையாக இருந்தீர்கள். நான் தனியாகப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த வாத்தியார் திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர். என் பெயரைச் சொன்னதும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒமக்கு இருவத்தொம்பது, தேறிட்டீரு. ஆனா ஒம்ம பையன் நாப்பத்தி நாலுல்லா எடுத்திருக்கான்! எடம் அவனுக்குத்தான்யா. குடுத்துவச்ச மனுஷன் நீரு" என்றார். அருள், அந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிவந்து பஸ் பிடித்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் யோசிக்கக்கூட இல்லை. வார்த்தை முன்பே வாயில் தயாராக இருந்தது போல, "அவனுக்கு இதுல இஷ்டமில்ல சார். பெங்களூர்ல வேல பாத்துக்கினு இருக்கான்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "அப்பிடியா? அவன் வந்து எழுதிக் குடுத்தாத்தானே மொற" என்றார். ஆஸ்பத்திரி, பெரியம்மா என்று இழுத்தேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "செரி, பெத்த அப்பன்தானே நீரு. எழுதிக் குடும்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். என் மகனுக்கு விருப்பமில்லை என்று எழுதினேன். எழுத்துக்கூட்டி எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று. அவர் தன் பேனாவாலேயே அதை வைத்துச் சரிசெய்தார்.

குடும்பத்துக்காகச் செய்தேன், ஹெல்பர் சம்பளத்தில் எத்தனை நாள் ஓட்டுவது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ சேர்ந்திருந்தாலும் அதே சம்பளம் அதே வீட்டுக்குத்தான் வந்திருக்கும். அந்த நீலச் சட்டையை நீ போட்டுக்கொண்டு, நான் காக்கிச் சட்டையோடு உன் காலடியில் இரும்புச் சுருளைக் கூட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விரல் சொடுக்கியவனைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் பெற்ற பிள்ளை என்னைவிட மேலே நிற்பதைப் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பொறாமை என்றுதான் பெயர். வேறு நல்ல பெயர் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீங்கள் ஊரிலிருந்து வந்ததும், எனக்கு இடம் கிடைத்தது, நீ தேறவில்லை என்றேன். நீ உடனே, "எத்தன மார்க்குப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "பதினெட்டு" என்றேன். நீ நம்பாமல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாய். எந்தக் கேள்விக்கு என்ன எழுதினோம் என்று உதடு அசைய யோசித்தாய். அம்மா, "திருத்துனவங்க மாத்தி கீத்தி போட்டிருப்பாங்க, போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வாடா" என்றாள். "கேக்கறதாம் கேக்கறது! பெயிலானவன் போய்க் கேட்டா எனக்குக் கெடச்சதையும் புடுங்கிக்குவான்" என்று நான் கத்தினேன். நீ பயந்துபோய், "வேணாம்மா, அப்பா எடத்துக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது" என்றாய். அப்புறம் கடைக்குப் போய் மிக்சரும் இனிப்பு பன்னும் வாங்கிவந்து, எனக்குத்தான் முதலில் ஊட்டினாய்.

வகுப்பு நடந்த வருஷம் முழுவதும் என் வீட்டுப்பாடத்தை என்னோடு உட்கார்ந்து போட்டவன் நீதான். வட்டத்தின் சுற்றளவு, வெட்டு வேகம், திருகுப் புரியின் ஏற்றம், எல்லாம் ஒருமுறை படித்ததும் உனக்கு வந்துவிடும். ஒரு நாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இதெல்லாம் எனக்குப் புரியற மாதிரிதான் இருக்குதுப்பா. டெஸ்ட்ல மட்டும் எப்படிக் கோட்ட உட்டேன்னு தெரியல" என்றாய். சொல்வதற்குக் கடவுள் கொடுத்த நேரம் அது. நான் சொன்னது என்ன தெரியுமா? "புரியற மாதிரி இருக்கறது வேற, வர்றது வேற. உனக்குக் கணக்கு வராதுடா" என்றேன். நீ நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாய். அதற்குப் பிறகு நீ என் பக்கத்தில் பாயில் உட்காரவில்லை. அடுத்த மாதமே செக்போஸ்டில் லோடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்விட்டாய்.

நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். நீலச் சட்டை வந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று நீ அதைத் தொட்டுப் பார்த்து, "ஜம்முனு இருக்கீங்கப்பா" என்றாய். இயந்திரத்தில் நின்ற ஒன்பது வருஷத்தில் நான் சுமாரான டர்னர்தான். அளவு தப்பி எத்தனை உருப்படி வீணாக்கினேன் என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும், இதே இடத்தில் அவன் நின்றிருந்தால் என்ற நினைப்பு வரும். வந்ததும் கோபம் வரும், உன்மேல்தான். செய்த தப்புக்கு ஆள் தேடும்போது மனசு அவ்வளவு தூரம் போகும்.

அம்மாவுக்குத் தெரிந்தது மூன்று வருஷம் கழித்து. அந்த வாத்தியார் வேலை முடிந்து ஊருக்குப் போகுமுன் ஓசூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்து, அவ்வளவு மார்க் வாங்கிய பையன் ஏன் வேண்டாமென்றான் என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், சோறு வடித்தாள், போட்டாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "அவன் அப்பனப் பத்தித் தப்பா ஒரு வார்த்த என் வாயால அவங்கிட்ட வராது. நீங்கதான் சொல்லணும். எப்ப சொல்றீங்களோ சொல்லுங்க" என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் நன்மை அப்பம் வாங்க எழுந்தபோது அவள் எழவில்லை. என்னோடு ஒரே வரிசையில் வரமாட்டேன் என்று உட்கார்ந்தே இருந்தாள். இன்றுவரை அப்படித்தான். முழங்கால் வலி என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். அவளையும் கோபித்துக்கொள்ளாதே. நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்.

உனக்குச் சொந்தக் கடை வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சரியாகவில்லை. லாரிக்காரன் எந்த மொழியில் பேசினாலும் அந்த மொழியிலேயே பதில் சொல்கிறாய். சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்கிறாய். பில் எழுத மட்டும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிறாய். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய கம்பெனி டயர் சர்வீசுக்கு உன்னை மேற்பார்வையாளராகக் கேட்டு வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சின்னதாக ஒரு எழுத்துத் தேர்வு இருக்கும் என்றார்கள். "டெஸ்ட்டா? அது நமக்கு ஆவாதுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் அங்கே ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து உன் சட்டையைப் பிடித்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீயை முடித்தேன். முதல் தடவை செய்ததைவிட இந்த இரண்டாவது தடவைதான் என்னை அதிகம் அரிக்கிறது. முதல் தடவை எனக்கு ஆதாயம் இருந்தது. இரண்டாவது தடவை எந்த ஆதாயமும் இல்லை. நீ உள்ளே போனபோது எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட அனுபவப்பட்டவன் இருக்கமாட்டான் என்பதால் சொல்கிறேன். ஸ்டெல்லா உன்னைவிட ஏதாவது ஒன்றை நன்றாகச் செய்வாள். நாளைக்கு உன் பிள்ளை உங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகச் செய்யும். அப்போது உன் நெஞ்சில் ஒரு குத்தல் வந்தால் பயந்துபோகாதே. அது யாருக்கும் வரும். வந்ததும் அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடு. "எனக்குப் பொறாமையா இருக்குது" என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் என்னைத் திட்டியிருப்பாள், கேலி செய்திருப்பாள், அது அத்தோடு போயிருக்கும். நான் அதை அக்கறை, கண்டிப்பு, குடும்பக் கஷ்டம் என்று ஒவ்வொரு சட்டையாகப் போட்டு மறைத்தேன். மறைத்ததால்தான் அது வளர்ந்தது.

நேற்று அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். என் வாய்வார்த்தையை நீ எதற்கு நம்ப வேண்டும்? இவ்வளவு நாள் நம்பியது போதும். பழைய ரிஜிஸ்டரிலிருந்து உன் மார்க்கை எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். குமாஸ்தா பாகலூர்ப் பக்கத்துப் பெண், கன்னடக்காரி. ரொம்ப நேரம் தேடி எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இதா பாருங்க, அந்த வருஷத்துல இவருதான் மொதல்ல. இவருக்கு மேல யாருமே இல்ல. யாரு இவரு?" என்றாள். உன் மார்க் எனக்குத் தெரியும். ஆனால் எழுதிய அத்தனை பேரிலும் நீதான் முதல் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. "எம் பையன்" என்றேன். "ஹௌதா? அப்புறம் ஏன் சேரல?" என்று கேட்டாள். இஷ்டமில்லை என்ற பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "நான்தாம்மா சேர உடல" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அம்மாவுக்காகவோ ஊருக்காகவோ என்னோடு பேசாதே. கல்யாணத்தன்று முன்னால் நிற்கச் சொன்னால் நிற்கிறேன், பின் பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன், வரவேண்டாம் என்றால் வீட்டிலிருந்தே ஜெபித்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் விரல் வைத்த வரியில் உன் பெயரைப் பார்த்ததும், இந்த வயதிலும், முதலில் வந்தது அதே பழைய குத்தல்தான். ஒரு நொடி இருந்தது. அது போன பிறகு வேறொன்று வந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் அது போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் உன் பெயரைச் சொல்லி, மார்க்கைச் சொல்லி, காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். மற்ற அப்பன்மார்கள் பெருமை என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது, அருள். எனக்கு இது புதிது.

உன் அப்பா